ஸ்பானிஷ் சப்ஜங்க்டிவ்: தமிழ்க் காதை வைத்துக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கி ஐந்தாறு மாதங்கள் எல்லாம் சீராகப் போகும். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். பிறகு ஒரு நாள், "நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும். 'வருகிறாய்' என்பதற்கு 'வியேனெஸ்' என்று கற்றிருப்பீர்கள். அதையே போட்டு, 'கியேரோ கே வியேனெஸ்' என்பீர்கள். கேட்பவர் அன்பாகத் திருத்துவார்: 'கியேரோ கே வெங்காஸ்.' காலம் மாறவில்லை, ஆள் மாறவில்லை, ஆனால் வினை மட்டும் உருமாறிவிட்டது. இந்த உருவத்துக்குத்தான் சப்ஜங்க்டிவ் என்று பெயர். ஸ்பானிஷில் 'சுப்ஹுந்தீவோ'. இதுவரை நீங்கள் கற்ற சாதாரண உருவம் இண்டிகேட்டிவ்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒரு நீண்ட பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். விருப்பம் வந்தால் சப்ஜங்க்டிவ், சந்தேகம் வந்தால் சப்ஜங்க்டிவ், மகிழ்ச்சி, துக்கம், கட்டளை, சாத்தியம் என்று போய்க்கொண்டே இருந்தது. பட்டியலை மனப்பாடம் செய்தேன். பேசும்போது அது ஒரு முறைகூட நேரத்துக்கு வந்து உதவவில்லை. வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும் நேரத்தில் யாரால் பட்டியலைப் புரட்ட முடியும்? எனக்கு உண்மையில் உதவியது தமிழ்தான். ஸ்பானிஷ் சப்ஜங்க்டிவ் போடும் பெரும்பாலான இடங்களில், தமிழும் வினைமுற்றைப் போட மறுக்கிறது. அந்த மறுப்பு நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

தொடங்கும் முன் எழுத்து பற்றி ஒரு சொல். ஸ்பானிஷ் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸ்பானிஷில் நெடில், குறில் வேறுபாடு பொருளை மாற்றாது. சொல்லின் கடைசி உயிரெழுத்து தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அதைப் பெரும்பாலும் நெடிலாக எழுதுகிறேன். ஒலிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கைப் பின்பற்றியது. ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டலை உங்கள் பாடநூலிலோ அகராதியிலோ கூடவே பார்த்துக்கொள்ளுங்கள்.

## படி 1: 'என்று' போட்டுப் பாருங்கள்

இந்த நான்கு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவன் வருகிறான் என்று எனக்குத் தெரியும்.
அவன் வருகிறான் என்பது உண்மை.
அவன் வருகிறான் என்று விரும்புகிறேன்.
அவன் வருகிறான் என்பது சாத்தியம்.

முதல் இரண்டும் இயல்பாக ஒலிக்கின்றன. மூன்றாவது தமிழே இல்லை. 'அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்றுதான் சொல்வோம். நான்காவதும் இடறுகிறது, 'அவன் வருவது சாத்தியம்' அல்லது 'வர வாய்ப்பிருக்கிறது' என்போம். மூன்றாவதிலும் நான்காவதிலும் 'வருகிறான்' என்ற முற்று உடைந்து 'வர', 'வருவது' என்று எச்சமாகவோ தொழிற்பெயராகவோ ஆகிவிடுகிறது.

இப்போது ஸ்பானிஷ் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டிலும் இண்டிகேட்டிவ்: 'ஸே கே வியேனே', 'எஸ் வெர்தாத் கே வியேனே'. பின் இரண்டிலும் சப்ஜங்க்டிவ்: 'கியேரோ கே வெங்கா', 'எஸ் பொஸீப்லே கே வெங்கா'. தமிழ் முற்று உடையும் இடத்தில்தான் ஸ்பானிஷ் வினை உருமாறுகிறது.

சோதனை இதுதான். துணை வாக்கியத்தின் வினையை முற்றாக்கி, பின்னால் 'என்று' அல்லது 'என்பது' போட்டுப் பாருங்கள். தமிழ் ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் இண்டிகேட்டிவ். ஏற்காமல் 'வர', 'வருவது', 'வருவதற்காக', 'வரட்டும்' என்று வேறு உருவம் கேட்டால் பெரும்பாலும் சப்ஜங்க்டிவ்.

இது ஏன் வேலை செய்கிறது? வினைமுற்று என்பது ஓர் அறிவிப்பு. 'வருகிறான்' என்றால் நான் ஒரு செய்தியை உங்கள் முன் வைத்து, 'இது இப்படித்தான்' என்கிறேன். 'வர', 'வருவது' என்பதில் அந்த அறிவிப்பு இல்லை. வருகை என்ற எண்ணத்தை மட்டும் கையில் எடுத்து, அதன் மேல் ஆசையையோ ஐயத்தையோ ஏற்றுகிறேன். ஸ்பானிஷிலும் இண்டிகேட்டிவ் அறிவிக்கிறது, சப்ஜங்க்டிவ் எண்ணத்தை மட்டும் ஏந்துகிறது. 'சப்ஜங்க்டிவ் என்றால் உறுதியில்லாதது' என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்த விளக்கத்தை நம்பினால் சீக்கிரமே ஒரு சுவரில் முட்டிக்கொள்வீர்கள்.

அந்தச் சுவர் இது. 'மே அலேக்ரா கே எஸ்தேஸ் அகீ.' பொருள்: நீ இங்கே இருப்பது எனக்கு மகிழ்ச்சி. நீங்கள் கண்முன்னே நிற்கிறீர்கள், அதில் எந்த ஐயமும் இல்லை. இருந்தும் 'எஸ்தேஸ்' சப்ஜங்க்டிவ். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இங்கே குழம்பிப்போகிறார்கள். தமிழில் கேட்டுப் பாருங்கள்: 'நீ இங்கே இருக்கிறாய் என்று எனக்கு மகிழ்ச்சி' என்று யாராவது சொல்வோமா? 'நீ இருப்பது', 'நீ வந்தது' என்றுதான் சொல்வோம். நீங்கள் இருப்பதை நான் அறிவிக்கவில்லை. அது இருவருக்கும் தெரிந்ததே. அதன் மேல் என் மகிழ்ச்சியைத்தான் சொல்கிறேன். இந்த ஒரு வாக்கியம் தமிழ் வழியாகப் புரிந்த அன்றுதான் எனக்குச் சப்ஜங்க்டிவ் மேல் பயம் போனது.

## படி 2: உருவம் செய்வது

இதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் பெரும்பகுதி இயந்திரம் மாதிரி ஓடும். நிகழ்கால இண்டிகேட்டிவில் 'நான்' உருவத்தை எடுங்கள். கடைசி 'ஓ'வை நீக்குங்கள். அப்புறம் உயிரெழுத்தை இடம் மாற்றுங்கள்: 'ஆர்' வினைகளுக்கு 'ஏ', 'ஏர்', 'ஈர்' வினைகளுக்கு 'ஆ'.

'ஆப்லார்' (பேசு): நான் பேசுகிறேன் 'ஆப்லோ'. 'ஓ' போனால் 'ஆப்ல்'. சப்ஜங்க்டிவில் நான் 'ஆப்லே', நீ 'ஆப்லெஸ்', அவன், அவள், தாங்கள் 'ஆப்லே', நாம் 'ஆப்லேமோஸ்', அவர்கள் 'ஆப்லென்'.

'கொமேர்' (உண்): 'கோமோ'விலிருந்து கோமா, கோமாஸ், கோமா, கொமாமோஸ், கோமான்.

'விவீர்' (வாழ்): 'வீவோ'விலிருந்து வீவா, வீவாஸ், வீவா, விவாமோஸ், வீவான்.

ஸ்பெயினில் மட்டும் நெருங்கியவர்களைப் பன்மையில் அழைக்கும் உருவம் தனியாக உண்டு: ஆப்லேயிஸ், கொமாயிஸ், விவாயிஸ். லத்தீன் அமெரிக்காவில் அது பேச்சில் வராது. தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாம்.

'நான்' உருவத்திலிருந்து தொடங்குவதில் பெரிய லாபம் உண்டு. ஒழுங்கு தவறிய வினைகளில் பெரும்பாலானவை அந்த உருவத்திலேயே தவறிவிடுகின்றன. அதை நீங்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறீர்கள். தெங்கோ (என்னிடம் இருக்கிறது) தெங்கா ஆகும். ஆகோ (செய்கிறேன்) ஆகா ஆகும். தீகோ (சொல்கிறேன்) தீகா, வெங்கோ (வருகிறேன்) வெங்கா, போங்கோ (வைக்கிறேன்) போங்கா, ஸால்கோ (வெளியே போகிறேன்) ஸால்கா, கொனோஸ்கோ (அறிமுகம் உண்டு) கொனோஸ்கா. புதிதாக எதுவும் இல்லை.

அப்படியானால் உண்மையிலேயே தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை எத்தனை? ஆறுதான். 'நான்' உருவம் இயல்பான 'ஓ'வில் முடியாத வினைகள் அவை. அதனால்தான் இயந்திரம் அங்கே ஓடவில்லை.

ஸேர் (இயல்பாக இருத்தல்): ஸொய், சப்ஜங்க்டிவில் ஸேயா.
எஸ்தார் (நிலையில் இருத்தல்): எஸ்தொய், எஸ்தே.
ஈர் (போதல்): வொய், வாயா.
ஆபேர் (துணைவினை): ஏ, ஆயா.
ஸாபேர் (தெரிதல்): ஸே, ஸேபா.
தார் (தருதல்): தொய், தே.

வேர் மாறும் வினைகள் சப்ஜங்க்டிவிலும் மாறும். பென்ஸார் (நினை): பியென்ஸே, ஆனால் 'நாம்' உருவத்தில் பென்ஸேமோஸ். ஒரே சிக்கல் 'ஈர்' வினைகளில் வரும். அங்கே 'நாம்' உருவமும் சும்மா இருக்காது. தொர்மீர் (தூங்கு): துவெர்மா, துர்மாமோஸ். பெதீர் (கேள், வேண்டு): பீதா, பிதாமோஸ்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். புஸ்கார் (தேடு) 'புஸ்கே' ஆகிறது, யெகார் (வந்து சேர்) 'யேகே' ஆகிறது. ஒலியில் க அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த ஒலியைக் காப்பாற்ற ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டல் மாறும். தமிழ் எழுத்தில் இது தெரியாது. ஆகவே இந்த இரண்டையும் ஸ்பானிஷ் எழுத்தில் ஒரு முறை கையால் எழுதிப் பாருங்கள்.

நிகழ்காலப் பகுதி இவ்வளவுதான். அட்டவணையை முழுசாகப் பூர்த்தி செய்துவிட்டுத்தான் பேசுவேன் என்று காத்திருக்க வேண்டாம். நான் அப்படிக் காத்திருந்து மாதங்களை இழந்தேன். 'நீ', 'அவன்' உருவங்கள் இரண்டு வந்தால் போதும், அடுத்த படிக்குப் போங்கள்.

## படி 3: வாழ்த்திலிருந்து தொடங்குங்கள்

தமிழில் வாழ்க, வருக, ஒழிக என்கிறோமே, அந்த வியங்கோள் வினைமுற்று நேரடியாகச் சப்ஜங்க்டிவோடு பொருந்துகிறது. கூட்டங்களில் 'வீவா!' என்று முழங்குவது 'வாழ்க!' என்பதேதான், மேலே பார்த்த 'விவீர்' வினையின் சப்ஜங்க்டிவ். ஸ்பானிஷுக்கு முதல் இலக்கணம் எழுதிய அந்தோனியோ தெ நெப்ரிஹா, 1492இல் வெளிவந்த அந்த நூலில், விருப்பம் தெரிவிக்கும் வினை உருவத்தை லத்தீன் வழியில் தனி வகையாகவே எண்ணியிருந்தார். பிற்கால இலக்கணங்கள் அதைச் சப்ஜங்க்டிவுக்குள் சேர்த்துவிட்டன. நமக்கு வியங்கோள் பள்ளியிலிருந்தே தெரிந்திருப்பது இங்கே கைகொடுக்கிறது.

பேச்சில் 'கே' என்று தொடங்கி வினையைப் போட்டால் 'அட்டும்' வந்துவிடும். 'கே வெங்கா' என்றால் வரட்டும். 'கே பாஸே' என்றால் உள்ளே வரட்டும். 'கே தே வாயா பியென்' என்றால் உனக்கு நல்லபடியாகப் போகட்டும். விடைபெறும்போது தினமும் காதில் விழும். 'கே தெஸ்கான்ஸெஸ்' (நன்றாக ஓய்வெடு) இரவில் சொல்வது. 'கே தே மெஹோரெஸ்' (சீக்கிரம் குணமாகட்டும்) நோயுற்றவருக்கு. ஸ்பெயினில் சாப்பிடுபவரைப் பார்த்து 'கே அப்ரொவேசே' (சாப்பாடு நன்றாக அமையட்டும்) என்பார்கள். இறந்தவரைக் குறிப்பிடும்போது 'கே என் பாஸ் தெஸ்கான்ஸே' (அமைதியில் உறங்கட்டும்) என்று பெயரோடு சேர்ப்பார்கள்.

'ஒஹலா' என்ற சொல்லையும் இங்கேயே கற்றுவிடுங்கள். 'ஒஹலா வெங்கா' என்றால் 'அவன் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்'. அந்தலூஸிய அரபியிலிருந்து, அதாவது இடைக்கால ஸ்பெயினில் பேசப்பட்ட அரபியிலிருந்து வந்த சொல் இது. இறைவன் நாடினால் என்ற தொடரே தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. இதற்குப் பின் எப்போதும் சப்ஜங்க்டிவ்தான், விதிவிலக்கு கிடையாது. தயங்காமல் பயன்படுத்தக்கூடிய சொல் என்பதால் தொடக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல்லும் இதுதான்.

சில நிலைத்தொடர்கள் அப்படியே தமிழ் மாதிரி. 'பாஸே லோ கே பாஸே' என்றால் என்ன நடந்தாலும் சரி. 'தீகான் லோ கே தீகான்' என்றால் யார் என்ன சொன்னாலும் சரி. 'ஸேயா கோமோ ஸேயா' என்றால் எப்படியாக இருந்தாலும். 'கே யோ ஸேபா' என்றால் எனக்குத் தெரிந்தவரை. இவற்றை இலக்கணமாகப் பிரிக்காமல் முழுத்தொடராக வாயில் பழக்குங்கள். உருவங்கள் தானாக மனதில் தங்கும்.

இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. 'செய்யாதே' என்ற எதிர்மறை ஏவல் முழுக்கச் சப்ஜங்க்டிவ்தான்: 'நோ ஆப்லெஸ்' (பேசாதே), 'நோ வாயாஸ்' (போகாதே). மரியாதை ஏவலும் அதேதான்: 'வெங்கா' (வாருங்கள்), 'தீகா' (சொல்லுங்கள்). ஆக, பயன்படுத்த இடம் தேடி அலைய வேண்டாம். முதல் நாளிலிருந்தே தேவைப்படும்.

## படி 4: வரச் சொல், வருகிறான் என்று சொல்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். சப்ஜங்க்டிவ் முழுவதும் ஒரே வினையில் தெரியும் இடம் 'தெஸீர்' (சொல்).

'தீஸே கே வியேனெஸ்.' நீ வருகிறாய் என்று சொல்கிறாள்.
'தீஸே கே வெங்காஸ்.' உன்னை வரச் சொல்கிறாள்.

இரண்டிலும் 'தீஸே கே' மாறவே இல்லை. துணை வாக்கியத்தின் வினை மட்டும் மாறி, செய்தியைக் கட்டளையாக்கிவிட்டது. தமிழும் இதையேதான் செய்கிறது: 'வருகிறாய் என்று' செய்தி, 'வர' கட்டளை. 'விரும்புகிறேன் வந்தால் சப்ஜங்க்டிவ்' என்று தலைமை வினையை மட்டும் பார்த்து விதி எழுதினால், இந்த ஜோடி அதற்குள் அடங்காது. அறிவிக்கிறோமா, இல்லையா என்று பார்த்தால் அழகாக அடங்கும்.

ஒரே ஆள் என்றால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 'நான் போக விரும்புகிறேன்' என்பது வெறும் 'கியேரோ ஈர்'. 'நீ போக வேண்டும் என்று விரும்புகிறேன்' என்று இரண்டாவது ஆள் வரும்போதுதான் 'கே' வந்து, வினை உருமாறும்: 'கியேரோ கே வாயாஸ்'. விரும்புபவரும் செய்பவரும் ஒருவரேயானால் 'கே' போடாதீர்கள்.

தினமும் ஐந்து ஜோடி எழுதுங்கள். வினைகளை மாற்றுங்கள்: பேசு, எழுது, காத்திரு, திரும்பிப் போ, படி. ஒவ்வொன்றிலும் முதலில் தமிழ் ஜோடி, அதன் கீழே ஸ்பானிஷ் ஜோடி. இரண்டு வாரம் இதை மட்டும் செய்தாலே காது மாறிவிடும்.

## படி 5: தமிழ் கைவிடும் இடங்கள்

தமிழ்ச் சோதனை எல்லா இடத்திலும் காப்பாற்றாது. தவறிப்போகும் இடங்கள் சிலவே. அவற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, நினைத்தல். 'அவன் வருகிறான் என்று நினைக்கிறேன்': 'க்ரேயோ கே வியேனே', இண்டிகேட்டிவ். சரி. ஆனால் 'அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை' என்பதிலும் தமிழ் முற்றைத்தான் போடுகிறது. ஸ்பானிஷ் போடாது: 'நோ க்ரேயோ கே வெங்கா'. நினைப்பை மறுத்ததும் அறிவிப்பும் மறைந்துவிடுகிறது. 'உண்மை' மறுக்கப்பட்டாலும் அப்படியே: 'நோ எஸ் வெர்தாத் கே வெங்கா'. இதோடு 'எஸ்பேரோ கே' (நம்புகிறேன், எதிர்பார்க்கிறேன்) என்பதையும் சேருங்கள். 'வருவான் என்று நம்புகிறேன்' என்று தமிழில் முற்று வந்தாலும், ஸ்பானிஷ் அதை ஆசையாகவே பார்க்கிறது: 'எஸ்பேரோ கே வெங்கா'.

இரண்டாவது, 'ஆல்'. 'வந்தால்' என்பது தமிழில் எச்சம். சோதனைப்படி சப்ஜங்க்டிவ் வர வேண்டும். ஆனால் 'ஸி' என்ற சொல்லுக்குப் பின் நிகழ்கால சப்ஜங்க்டிவ் வரவே வராது. 'நேரம் இருந்தால் போவேன்' என்பது 'ஸி தெங்கோ தியெம்போ, வொய்'. 'தெங்கா' போட்டால் பிழை. தமிழர் அதிகம் தடுமாறும் இடம் இது என்பது என் எண்ணம். எட்டாத ஆசைக்கு வேறு உருவம் உண்டு, அது அடுத்த படியில்.

மூன்றாவது, பெயரெச்சம். 'தோட்டம் உள்ள வீட்டைத் தேடுகிறேன்' என்றால் தமிழில் இரண்டு பொருள் வரலாம். குறிப்பிட்ட ஒரு வீடு இருக்கிறது, அதன் முகவரி தவறிவிட்டது என்றால்: 'புஸ்கோ ஊனா காஸா கே தியேனே ஹர்தீன்'. அப்படி ஏதாவது ஒரு வீடு கிடைத்தால் போதும் என்றால்: 'கே தெங்கா ஹர்தீன்'. இங்கே 'என்று' உதவாது. அதற்குப் பதில் 'ஏதாவது', 'யாராவது' என்ற சொல்லை நுழைத்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நுழைந்தால் சப்ஜங்க்டிவ். 'அப்படி யாரும் இல்லை' என்பதும் இதே கட்சி: 'நோ ஆய் நாதியே கே ஸேபா', தெரிந்தவர் யாரும் இல்லை.

நான்காவது, 'குவாந்தோ' (போது, பின்). 'வீட்டுக்கு வந்ததும்' என்பது வழக்கத்தையும் குறிக்கும், இனி நடக்கப்போவதையும் குறிக்கும். தினமும் நடப்பது என்றால் இண்டிகேட்டிவ்: 'குவாந்தோ யேகோ அ காஸா, லேயோ', வீட்டுக்கு வந்ததும் படிப்பது என் வழக்கம். இன்னும் நடக்கவில்லை என்றால் சப்ஜங்க்டிவ்: 'குவாந்தோ யேகே அ காஸா, தே யாமோ', வீட்டுக்கு வந்ததும் உன்னை அழைக்கிறேன். 'அஸ்தா கே' (வரை) என்பதும் அப்படியே. 'ஆந்தெஸ் தே கே' (முன்) மட்டும் எப்போதும் சப்ஜங்க்டிவ். 'பாரா கே' (அதற்காக), 'ஸின் கே' (நடக்காமல்) இரண்டும்கூட எப்போதும் அதுவே. தமிழும் அங்கே முற்றை ஏற்காது.

'அவுங்கே' என்ற சொல்லில் தமிழ் மறுபடியும் கைகொடுக்கிறது. 'மழை பெய்கிறது, ஆனாலும் வெளியே போகப்போகிறேன்': 'அவுங்கே யுவேவே, வொய் அ ஸலீர்'. 'மழை பெய்தாலும் சரி, போகப்போகிறேன்': 'அவுங்கே யுவேவா, வொய் அ ஸலீர்'. முதலாவதில் மழையை அறிவிக்கிறேன். இரண்டாவதில் மழை பெய்யுமா பெய்யாதா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

'ஒருவேளை' என்பதில் ஸ்பானிஷ் உங்களுக்கே விட்டுவிடுகிறது. 'கிஸாஸ்', 'தால் வெஸ்' இரண்டுக்கும் பின் எந்த உருவமும் வரலாம். சப்ஜங்க்டிவ் போட்டால் ஐயம் கொஞ்சம் கூடும். ஆனால் 'அ லோ மெஹோர்' என்ற பேச்சு வழக்குக்குப் பின் இண்டிகேட்டிவ்தான்.

## படி 6: இறந்தகால உருவம்

நிகழ்கால உருவம் வாயில் பழகிய பிறகே இங்கே வாருங்கள். முடிந்த இறந்தகாலத்தின் 'அவர்கள்' உருவத்தை எடுங்கள். கடைசி 'ரோன்' போகட்டும், 'ரா' வரட்டும். ஆப்லாரோன், ஆப்லாரா. கொமியேரோன், கொமியேரா. துவியேரோன், துவியேரா. திஹேரோன், திஹேரா. ஃபுவேரோன், ஃபுவேரா, இது 'ஸேர்', 'ஈர்' இரண்டுக்கும் பொது. இந்த விதிக்கு விதிவிலக்கே இல்லை. 'அவர்கள்' உருவம் சரியாக இருந்தால் மற்றது தானாக வரும்.

'ஸே' என்று முடியும் இணை உருவமும் உண்டு: ஆப்லாஸே, துவியேஸே. பொருள் ஒன்றே. லத்தீனின் இரு வேறு உருவங்களிலிருந்து வந்து ஒரே வேலையைப் பகிர்ந்துகொண்டவை இவை. பேச 'ரா' போதும். 'ஸே'யைப் படிக்கும்போது அடையாளம் கண்டால் சரி.

எங்கே பயன்படுகிறது? தலைமை வினை இறந்தகாலத்துக்குப் போனால் துணை வினையும் கூடவே போகும்: 'கெரீயா கே வினியேராஸ்', நீ வர வேண்டும் என்று விரும்பினேன். இதைவிட ஆழமான பயன் கற்பனையில் இருக்கிறது. 'ஸி துவியேரா தியெம்போ, இரீயா': நேரம் இருந்திருந்தால் போவேனே, இப்போது இல்லையே. இறந்தகால உருவம் வந்தாலும் பொருள் இன்றைக்குத்தான். நாமும் நடக்காத ஒன்றை 'இருந்திருந்தால்' என்று இறந்தகாலத்துக்குத் தள்ளித்தானே சொல்கிறோம். 'கோமோ ஸி' (போல) என்பதற்குப் பின்னும் இதே உருவம்: 'ஆப்லா கோமோ ஸி ஸுபியேரா தோதோ', எல்லாம் தெரிந்தது போலப் பேசுகிறான். 'ஒஹலா வினியேரா' என்றால் வந்தால் நல்லது, ஆனால் வரமாட்டான் என்ற ஏக்கம் கலந்திருக்கும். 'ஒஹலா வெங்கா'வோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நம்பிக்கை எவ்வளவு குறைந்துவிட்டது!

பணிவுக்கும் இது உதவும். 'கியேரோ' (வேண்டும்) கொஞ்சம் நேரடியாகப் படும் இடத்தில் 'கிஸியேரா' என்பார்கள்: 'கிஸியேரா ஆப்லார் கொன் உஸ்தேத்', தங்களோடு பேச விரும்புகிறேன்.

கூட்டு உருவங்கள் இரண்டு. 'ஆயா'வோடு முற்றுப்பெற்ற செயல்: 'எஸ்பேரோ கே ஆயாஸ் யெகாதோ பியென்', நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். 'உபியேரா'வோடு கைநழுவிய கடந்தகாலம்: 'ஸி உபியேரா ஸாபீதோ, ஆப்ரீயா வெனீதோ', தெரிந்திருந்தால் வந்திருப்பேன். எதிர்கால சப்ஜங்க்டிவ் என்று ஒன்றும் இருக்கிறது. இன்று அது சட்ட வாசகங்களிலும் பழமொழிகளிலும்தான் வாழ்கிறது: 'தோந்தே ஃபுவேரெஸ், ஆஸ் லோ கே வியேரெஸ்', போன இடத்தில் காண்பதைச் செய். நம் 'ஊரோடு ஒத்து வாழ்'தான். பழமொழியை ரசித்துவிட்டு அந்த உருவத்தைக் கடந்து போய்விடலாம்.

## படி 7: காதையும் வாயையும் பழக்குவது

கேட்பதில் ஒரு சிரமம் உண்டு, அதற்குத் தயாராக இருங்கள். 'ஆப்லா', 'ஆப்லே' இரண்டுக்கும் இடையே இருப்பது அழுத்தம் இல்லாத ஒரே ஓர் உயிரெழுத்து. வேகமான பேச்சில் அது சட்டென்று கடந்துவிடும். ஆகவே சப்ஜங்க்டிவைக் கேட்டுப் பிடிக்க முயலாமல், அதற்கு முன்னால் வரும் 'கே'யையும் அதன் தலைமை வினையையும் பிடியுங்கள். 'கியேரோ கே', 'எஸ்பேரோ கே', 'பாரா கே' காதில் விழுந்ததும் உருமாறிய வினை வரப்போகிறது என்று மனம் காத்திருக்கும். காத்திருந்தால் கேட்கும்.

பாட்காஸ்ட்டோ பேட்டியோ எதுவானாலும், ஒரு நாளைக்கு மூன்று நிமிடப் பகுதியை எடுத்து மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பொருளுக்கு. இரண்டாம் முறை 'கே' வரும் இடங்களில் நிறுத்தி, பின்னால் வந்த வினையை எழுதுங்கள். மூன்றாம் முறை கூடவே பேசுங்கள். எழுதிய வினைகளில் எவை உருமாறியவை, தமிழில் சொன்னால் அங்கே முற்று நிற்குமா என்று பாருங்கள். நின்றும் ஸ்பானிஷ் உருமாறியிருந்தால் அந்த வாக்கியத்தைத் தனி நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டில் வாக்கியங்கள் பெருகாது. எனக்குச் சில மாதங்களில் சேர்ந்தவை எல்லாம் ஐந்தாம் படியில் சொன்ன நாலைந்து வகைக்குள் அடங்கிவிட்டன.

பேசும்போது தவறு வரும். 'கியேரோ கே வியேனெஸ்' என்று சொன்னாலும் கேட்பவருக்குப் பொருள் புரியும், உரையாடல் நின்றுவிடாது. திருத்தினால் திருத்திய வாக்கியத்தை அப்படியே ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். அந்த இடத்தில் விளக்கம் கேட்க வேண்டாம்; வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லிப் பாருங்கள், விளக்கம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

வழக்கமான பாடத்திட்டங்களில் நிகழ்கால சப்ஜங்க்டிவ் இடைநிலைக்கு, அதாவது பி1 நிலைக்கு வருகிறது. நான் அதுவரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். 'கே தே வாயா பியென்' என்ற தொடரை முதல் வாரத்திலேயே சொல்லலாம். இன்று இரவு யாரிடமாவது விடைபெறும்போது சொல்லிப் பாருங்கள். 'வாயா' என்ற உருவம் அன்றே உங்களுடையதாகிவிடும்.